கழன்று விழும் காந்தம்: ரீகால் ஆன பொம்மை உங்கள் வீட்டில் இருக்கிறதா?

கொலு முடிந்து பொம்மைகளைப் பரணில் ஏற்றிய வாரம் அது. தாம்பூலப் பையோடு வந்த ஒரு மீன்பிடி விளையாட்டை என் நான்கு வயது மகள் கூடத்தில் பரப்பி வைத்திருந்தாள். அட்டையில் செய்த குளம், ஆறு பிளாஸ்டிக் மீன்கள், நூல் கட்டிய தூண்டில். மீன்களின் வாயிலும் தூண்டில் நுனியிலும் மிளகை விடச் சற்றுப் பெரிய வெள்ளி நிறக் காந்தம். சாயங்காலம் எடுத்து வைக்கும்போது பார்த்தால் ஒரு மீனின் வாய் காலி. வெறும் குழியும் அதன் ஓரத்தில் காய்ந்த பசையும்தான் இருந்தன.

மகளைக் கேட்டேன். முதலில் "தெரியாது" என்றாள். அப்புறம் "மீன் சாப்பிட்டுடுச்சு" என்றாள். இந்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது? பெரம்பூரிலிருந்து மாமியார் போனில், "காசு முழுங்கினா வாழைப்பழம் கொடுப்போமே, அது மாதிரி தானா வந்துடும் மாப்பிள்ளை. ராத்திரி நேரத்துல எதுக்கு அலையறீங்க?" என்றார். காசாக இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஏதோ ஒரு தயக்கத்தில் ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "காந்தமா, காசா? உறுதியாத் தெரியுமா?" காந்தம் என்றதும் அவர் எழுந்து நின்றார். எனக்கு வயிறு கலங்கியது அந்த நொடியில்தான்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. காந்தம் மறுநாள் காலை கட்டிலின் இரும்புக் காலில், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றே அந்த விளையாட்டைத் திரும்பப்பெறச் சொல்லி ஏதாவது அறிவிப்பு, அதாவது ரீகால், வந்திருக்கிறதா என்று தேட உட்கார்ந்தேன். எதை வைத்துத் தேடுவது? பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை, மாடல் எண் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை. பெயரே இல்லாத ஒரு பொருளை யார், யாரிடமிருந்து திரும்பக் கேட்பார்கள்? வெளிநாட்டில் வருகிற பெரிய ரீகால் அறிவிப்புகளும் நம் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியில் அந்தப் பொம்மை இருந்தால்கூட அப்படித்தான். ஆக, நம் வீட்டு ரீகாலை நாமேதான் நடத்த வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன். கட்டுரையை நடுவில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் அவசரமான பகுதி முதலில்.

விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்

காசு விழுங்குவதற்கும் காந்தம் விழுங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வயிற்றுக்குள் இறங்கிவிட்ட காசு பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். ஒரே ஒரு காந்தமும் அப்படி வந்துவிடக்கூடும். இரண்டு காந்தங்கள் போனால், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் போனால், கதை மாறிவிடும். குடல் நேரான குழாய் இல்லை. மடித்து மடித்து வைத்த தோட்டத்துக் குழாய் மாதிரி. ஒரு மடிப்பில் இருக்கும் காந்தம் பக்கத்து மடிப்பில் இருக்கும் காந்தத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடல் சுவருக்கு ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் அழுகி, ஓட்டை விழும். குடல் முறுக்கிக்கொள்ளலாம், அடைத்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பது வயிற்றறையில் கசிந்து கிருமித் தொற்று உடம்பு முழுவதும் பரவலாம். சேதம் சில மணி நேரங்களிலேயே தொடங்கிவிடலாம்.

ஆனால் வெளியே தெரிவது என்ன? வாந்தி, வயிற்று வலி, கொஞ்சம் காய்ச்சல். சென்னையில் எந்தக் குழந்தைக்குத்தான் மாதம் ஒரு முறை இது வராது? "வெளியில சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று ஓஆர்எஸ் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவோம். பல நேரங்களில் ஆரம்பத்தில் எந்த அறிகுறியுமே இருக்காது. குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாழைப்பழம் வேண்டாம். விளக்கெண்ணெய் வேண்டாம். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி (வாய் வழியே கேமரா குழாயை விட்டு எடுப்பது) செய்ய நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. பட்டன் பேட்டரி விழுங்கிய ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, மருத்துவமனை போகும் வழியில் தேன் கொடுக்கச் சொல்லும் ஆலோசனை உண்டு. அதைக் கேள்விப்பட்டவர்கள் இங்கேயும் தேன் கொடுத்துவிடுவார்கள். அது பேட்டரி உண்டாக்கும் ரசாயனப் புண்ணைத் தள்ளிப்போடுவதற்கு; காந்தத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

நேராகக் குழந்தைகளுக்கான எண்டோஸ்கோப்பியும் அறுவை சிகிச்சையும் ஒரே கூரைக்குக் கீழ் உள்ள இடத்துக்குப் போங்கள். தெருமுனை கிளினிக்கில் காட்டி, அவர் வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்து, அங்கே போய்ச் சேர்வதற்குள் நேரம் போய்விடும். எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இப்படிப்பட்ட அவசரத்துக்கு நகரத்தின் பெரிய இடம். தனியாரிடம் போவதாக இருந்தால் போனில் கேட்டுவிடுங்கள்: "குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி செய்யும் டாக்டர் இப்போது இருக்கிறாரா?" வண்டி கிடைக்காவிட்டால் 108.

அங்கே போனதும் "ஏதோ முழுங்கிட்டா" என்று சொல்லாதீர்கள். "காந்தம், ஒன்றுக்கு மேல் இருக்கலாம்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தையில்தான் சிகிச்சையின் பாதையே மாறுகிறது. முடிந்தால் அதே மாதிரியான இன்னொரு காந்தத்தையோ மீதி பொம்மையையோ கையோடு கொண்டுபோங்கள், ஆனால் குழந்தையின் பக்கத்தில் வைக்காதீர்கள். சட்டையில் குத்திய ஊக்கு, இரும்பு பக்கிள் வைத்த பெல்ட் இவற்றைக் கழற்றிவிடுங்கள். எக்ஸ்ரே முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு கோணத்திலும் எடுப்பார்கள். ஒரே கோணத்தில் பார்த்தால் ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தம் ஒன்றாகத் தெரியக்கூடும், அதனால்தான். எம்ஆர்ஐ மட்டும் கூடவே கூடாது. அந்த இயந்திரமே ஒரு ராட்சதக் காந்தம்.

இரைப்பையில் இருந்தால் எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிடலாம். அதைத் தாண்டிக் குடலுக்குள் போய்விட்டால், எண்ணிக்கையையும் அறிகுறியையும் பார்த்து, மறுபடி மறுபடி எக்ஸ்ரே எடுத்துக் கவனிப்பதா, அறுவை சிகிச்சையா என்று முடிவு செய்வார்கள். மூக்கில் போனாலும் இதே கதைதான். இரண்டு துவாரத்திலும் ஒவ்வொரு காந்தம் இருந்தால் நடுத் தண்டை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். அதை வீட்டில் ஊக்கை விட்டுத் தோண்டாதீர்கள்.

அந்தக் குட்டிக் காந்தத்தில் என்ன இருக்கிறது?

நாம் சின்ன வயதில் விளையாடிய கறுப்புக் காந்தம், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுப்போமே, அது ஃபெரைட். எடைக்குத் தகுந்த இழுவிசை அதில் குறைவு. இப்போது பளபளவென்று வெள்ளி நிறத்தில் வருவது நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த கலவை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியாக உருவாக்கியது. மோட்டாருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்று வந்தது, விலை இறங்க இறங்கப் பொம்மைக்குள் நுழைந்துவிட்டது. பெரிய ஃபெரைட் காந்தம் செய்த வேலையை மிளகளவு நியோடிமியம் செய்யும் என்பது பொம்மை செய்பவருக்கு லாபம். அதே காரணத்தால்தான் குழந்தையின் வாய்க்குள் அது நுழைகிறது.

பாதுகாப்புத் தரங்கள் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கின்றன. ஒன்று அளவு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள, அடி சரிவாக வெட்டிய ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது. பொருள் அதற்குள் முழுவதும் அடங்கினால் அது விழுங்கக்கூடிய சிறு துண்டு. இரண்டாவது வலிமை. காந்தத்தின் மேற்பரப்புப் புலத்தைக் கிலோகாஸ் என்ற அலகில் அளந்து, வர்க்கப்படுத்தி, முனையின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் பெருக்கினால் ஓர் எண் வரும். அது 50க்குக் கீழே இருக்க வேண்டும். சிறியதாகவும் இருந்து, 50ஐயும் எட்டினால், அது பொம்மையிலிருந்து கழன்று வரவே கூடாது. கீழே போட்டு, முறுக்கி, இழுத்துப் பார்த்த பிறகும் கழலக் கூடாது. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8124-1 சொல்வதும் அதை ஒட்டிய நம் இந்தியத் தரமான ஐஎஸ் 9873 முதல் பகுதி சொல்வதும் இதுதான்.

ரீகால் வரலாற்றில் நமக்குத் தேவையான நாலு பக்கம்

2005 நவம்பரில் அமெரிக்காவில் 20 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அண்ணனின் மேக்னடிக்ஸ் என்ற கட்டுமானப் பொம்மையிலிருந்து கழன்ற காந்தங்களை அது விழுங்கியிருந்தது. 2006 மார்ச்சில் 38 லட்சம் பெட்டிகளுக்கு ரீகால் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெட்டி வாங்கப்பட்டது பெரிய பையனுக்காக, இறந்தது குட்டித் தம்பி. வயது எச்சரிக்கையை நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் ஆறு வயதுக்காரனுக்கும் ஒன்றரை வயதுக்காரனுக்கும் ஒரே கூடம்தான்.

அடுத்து மேட்டல் என்ற பெரிய அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி. 2006 நவம்பரில் பாலி பாக்கெட் பொம்மைகள். 2007 ஆகஸ்டில் பாலி பாக்கெட், பேட்மேன் உட்பட உலகம் முழுவதும் 1 கோடியே 80 லட்சம் அளவுக்குக் காந்தப் பொம்மைகள். அதே சமயத்தில் ஈயம் கலந்த பெயின்ட் பிரச்சினையும் ஓடியதால் எல்லாப் பழியும் சீனத் தொழிற்சாலைகள் மேல் விழுந்தது. செப்டம்பரில் மேட்டல் அதிகாரியே பெய்ஜிங்கில் மன்னிப்புக் கேட்டார்: திரும்பப்பெற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை தங்கள் வடிவமைப்புக் குறையால் வந்தவை, சீன உற்பத்தியால் அல்ல என்று. காந்தத்தைக் குழியில் வைத்துப் பசை தடவுவது என்று வரைபடத்தில் எழுதியிருந்தால் எந்த ஊரில் செய்தாலும் ஒருநாள் கழலத்தான் செய்யும். "பிராண்டட்தான் வாங்கினேன்" என்பது இந்த விஷயத்தில் பாதி நிம்மதிதான்.

மூன்றாவது கதை வேறு வகை. பக்கிபால்ஸ் என்று 5 மில்லிமீட்டர் நியோடிமியம் உருண்டைகள், பெட்டிக்கு 216. பெரியவர்களின் மேஜைக்கு என்று விற்றார்கள், குழந்தைகள் விழுங்கினார்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2012 ஜூலையில் வழக்குத் தொடுத்தது, அந்த ஆண்டு முடிவில் கம்பெனியே மூடப்பட்டது. 2014இல் வந்த கடுமையான விதியை 2016 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. உருண்டைகள் கடைக்குத் திரும்பின, விழுங்கும் சம்பவங்களும் ஏறின. 2022 அக்டோபரில் மறுபடி ஒரு விதி: பொழுதுபோக்கு, மன அழுத்தம் குறைத்தல், நகை என்று எந்தப் பெயரில் விற்றாலும் கழன்ற காந்தத்துக்கு அந்த 50 அளவுகோல் பொருந்தும். அதுவரை அந்த ஆணையத்தின் கவனத்துக்கு வந்திருந்த இறப்புகள் ஏழு, அதில் இரண்டு அமெரிக்காவுக்கு வெளியே. ஆஸ்திரேலியா 2012 நவம்பரிலேயே நிரந்தரத் தடை போட்டுவிட்டது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் அந்த ஆணை 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருளைத்தான் பொம்மை என்கிறது. பெட்டியில் "14 வயதுக்கு மேல்", "ஆபீஸ் டெஸ்க் டாய்", "ஸ்ட்ரெஸ் ரிலீவர்" என்று அச்சடித்துவிட்டால் இது பொம்மையே இல்லை என்று வாதாட இடம் கிடைக்கிறது. ஆன்லைனில் காந்த உருண்டைகள் எந்தத் தலைப்பில் விற்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். படத்தில் விளையாடுவது யார் என்பதையும் பாருங்கள்.

முதல் படி: வீட்டைச் சலித்தெடுப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். பொம்மைக் கூடையோடு நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் நான் காந்தம் கண்டுபிடித்த இடங்கள்: மேஜிக் ஸ்லேட்டின் குட்டி முத்திரைகள், ஃபிரிட்ஜில் ஒட்டிய திருப்பதி பெருமாள், பயணத்துக்கு வாங்கிய மடக்குச் செஸ் போர்டின் காய்கள், துளையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் காந்தத் தோடு, பென்சில் பாக்ஸின் மூடி, ஓரங்களில் காந்தம் வைத்த கட்டுமானப் பலகைகளான மேக்னடிக் டைல்ஸ், காந்த எழுத்துகள், மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டார்ட் போர்டு. மொத்தம் எட்டு. தேடுவதற்கு முன் கேட்டிருந்தால் இரண்டு என்று சொல்லியிருப்பேன்.

எதில் காந்தம் இருக்கிறது என்று கண்ணால் தெரியாது. ஒரு ஊக்கை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பொம்மையின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் இருக்கும் இடத்தில் ஊக்கு சாயும், வலுவானதாக இருந்தால் பாய்ந்து ஒட்டும்.

அப்புறம் ஒவ்வொன்றையும் முரட்டுத்தனமாகச் சோதியுங்கள். காந்தம் வெளியே தெரிகிறதா, பிளாஸ்டிக்குக்குள் முழுவதும் மூடியிருக்கிறதா? பசையால் ஒட்டியதை நகத்தால் நெம்பிப் பாருங்கள். டைல்ஸின் ஓரங்களை இரண்டு கையாலும் லேசாக வளையுங்கள். ரிவெட் அடித்தது உறுதியாக இருக்கும், வெறும் பசையில் நிற்பது விரிசல் விடும். காதருகே குலுக்குங்கள். உள்ளே கலகலவென்றால் காந்தம் இருப்பிடத்திலிருந்து கழன்றுவிட்டது என்று அர்த்தம். கழன்றாலும் ஒன்றும் ஆகாத அளவா என்பதற்கு ஒரு கைக்கணக்கு: பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். தட்டையான காந்தம் அதைவிடச் சிறியதென்றால் அந்தச் சோதனைக் குழாயில் அடங்கிவிடும்.

வலிமையை வீட்டில் அளக்க முடியாது. ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தோல் மடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். விழாமல் பிடித்துக்கொண்டு நின்றால் அது குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். குடலுக்குள் நடப்பதும் இதேதான், அங்கே பிரித்தெடுக்க விரல் இல்லை. என் மாமியாருக்கு நான் இதைச் செய்து காட்டியதோடு வாழைப்பழப் பேச்சு நின்றது.

ஒரு காந்தம் குறைகிறது என்றால், வலுவான இன்னொரு காந்தத்தைக் கேரி பையில் போட்டுத் துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டி, கட்டிலடி, சோபா மடிப்பு, வாஷிங் மெஷின் பின்புறம் என்று இழுத்துப் பாருங்கள். இரும்புக் கால்கள், கிரில், பீரோ அடிப்பாகம் ஆகியவற்றைத் தனியாகத் தடவிப் பாருங்கள். காந்தம் எப்போதும் தரையில் கிடக்காது, பக்கத்தில் இரும்பு இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் குழந்தை வாயில் போட்டிருக்கலாம் என்ற எண்ணம் துளி இருந்தாலும், தேடுவது அப்புறம், மருத்துவமனை முதலில்.

இரண்டாவது படி: பொம்மையின் ஜாதகம்

பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். பொம்மையின் அடியிலேயே சில விவரம் அச்சாகியிருக்கும். பிராண்ட், மாடல் எண், தேதிக் குறியீடு அல்லது பேட்ச் எண் மூன்றையும் படமெடுத்து வையுங்கள். ரீகால் பல நேரங்களில் ஒரு பொம்மையின் எல்லாப் பிரதிகளுக்கும் வராது; இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை செய்தவை என்று வரும். அமெரிக்காவில் விற்கும் குழந்தைகள் பொருளில் தயாரித்த இடமும் தேதியும் அறிய உதவும் குறியீடு இருக்க வேண்டும் என்று 2008இல் சட்டமே வந்தது. சித்தப்பா பெட்டியில் வந்த பொம்மைக்கு அது கைகொடுக்கும்.

உள்ளூரில் வாங்கியதென்றால் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 என்ற எண்ணும் (பேட்டரியில் ஓடும் பொம்மையானால் ஐஎஸ் 15644), கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையை அச்சடிக்க யாருக்கும் ஐந்து நிமிடம் போதும். எனவே இந்த முத்திரைக்கு உரிமம் கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். யாருக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் கொடுத்தார்கள், அது இப்போது உயிரோடு இருக்கிறதா என்பது வரும். ஒருமுறை ஈவினிங் பஜாரில் ஒரு பெட்டி எண்ணைக் கடைக்காரர் முன்னாலேயே போட்டுப் பார்த்தேன். அது பொம்மை உரிமமே இல்லை. "ஹோல்சேல்ல இதெல்லாம் பார்த்தா வியாபாரம் பண்ண முடியாது சார்" என்றார். கோபமில்லாமல், தொழில் ரகசியம் சொல்வது போலச் சொன்னார். ரிட்டர்ன் கிஃப்டுக்கு ஐம்பது பீஸ் என்று டஜன் கணக்கில் வாங்கும் பொருள்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நம் வீடுகளுக்கு வருகின்றன.

மூன்றாவது படி: பட்டியலில் தேடுவது

மூன்று இடங்களில் தேடினால் போதும்: அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் ரீகால் பக்கம், ஆபத்தான பொருள்களைப் பட்டியலிடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சேஃப்டி கேட் தளம், அந்தப் பிராண்டின் சொந்த இணையதளம். தேடும்போது பிராண்டை மட்டும் போடாதீர்கள். பெயரில்லாத பொருள்கள் விற்பனையாளர் பெயரிலும் படத்திலும்தான் பதிவாகியிருக்கும். ஆகவே காந்த உருண்டை, காந்த மீன்பிடி விளையாட்டு, காந்த டைல்ஸ் என்று பொருள் வகையை ஆங்கிலத்தில் போட்டுப் படங்களைப் புரட்டுங்கள். ஒரே அச்சில் வார்த்த பொம்மை பத்துப் பெயரில் விற்கப்படும். உங்கள் வீட்டு மீனும் அந்தப் படத்தில் இருக்கும் மீனும் ஒரே முழி முழிக்கும்.

அறிவிப்பு கிடைத்தால் இதைப் படியுங்கள்: எந்த மாடல், எந்தத் தேதி, என்ன குறை, என்ன பரிகாரம். பரிகாரம் பணம் திரும்ப, மாற்றுப் பொருள், பழுது நீக்கும் பாகம் இவற்றில் ஒன்றாக இருக்கும். வெளிநாட்டு ரீகாலை இங்கிருந்து கேட்டால் கிடைக்குமா என்பது கம்பெனியைப் பொறுத்தது, மின்னஞ்சல் போட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டாலும் பொம்மை அன்றோடு வெளியே போக வேண்டும். பட்டியலில் இல்லை என்பதற்காகப் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. முதல் படியில் தோற்ற பொம்மை தோற்றதுதான்.

நாலாவது படி: பணத்தையும் பதிலையும் கேட்பது

பொம்மையை ஒட்டுப் போட்டு மறுபடி குழந்தையிடம் கொடுக்காதீர்கள். ஃபெவிகுவிக்கில் ஒட்டிய காந்தம் இன்னொரு நாள் கழலும். கழன்ற துண்டு, காலிக் குழி, பெட்டி, பில் எல்லாவற்றையும் படமெடுங்கள். ஆன்லைனில் வாங்கியதென்றால் அந்த விற்பனைப் பக்கத்தை விற்பவர் பெயர், தயாரித்த நாடு தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன மறுநாளே அந்தப் பக்கம் காணாமல் போய்விடுவது வழக்கம்.

பில் கொடுக்காமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். ரங்கநாதன் தெருவில் "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற போர்டின் கீழே நின்று இதைச் சொல்லக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும், ஆனால் சொல்லலாம்.

கடையில் வேலை நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. புகாருக்கு ஒரு டாக்கெட் எண் கொடுப்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லை அல்லது போலி என்றால் அதைத் தனியாக பிஐஎஸ் கேர் செயலியில் புகார் செய்யுங்கள். நேரில் போக வேண்டுமென்றால் பிஐஎஸ் அலுவலகம் தரமணியில் சிஐடி வளாகத்தில் இருக்கிறது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆன்லைன் வணிகக் கிடங்குகளில் இவர்கள் சோதனை போட்டு முத்திரையில்லாத பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள்.

ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்தே திரும்பப்பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது, சட்டத்தின் 20ஆம் பிரிவு. 2020 ஜூலையில்தான் இந்த ஆணையம் வந்தது. முத்திரையில்லாப் பொம்மைகளுக்காக ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. குழந்தைக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் வழி வேறு. அதே சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் பொருளால் வந்த சேதத்துக்குத் தயாரித்தவர், விற்றவர் மேல் இழப்பீடு கேட்க இடம் கொடுக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கெடு இரண்டு ஆண்டு. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. மருத்துவமனை ரசீதையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். வெளியே எடுத்த காந்தத்தையும் கேளுங்கள்.

பெரிய பிள்ளைகளிடம் ஒரு பேச்சு

இதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன்தான் யோசிக்க வைத்தான். நாக்கின் மேலும் கீழும் ஒவ்வொரு உருண்டை வைத்தால் வளையம் குத்திய மாதிரி தெரியும் என்று வீடியோ பார்த்திருக்கிறான். இங்கிலாந்தில் 2021இல் இதே விளையாட்டால் பிள்ளைகள் விழுங்கி, காந்த உருண்டைகளைத் தடை செய்யச் சொல்லி அங்கத்திய தேசிய சுகாதாரச் சேவையே கேட்டது. மூக்குத்தி மாதிரி வைப்பது, பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள் கம்பியில் ஒட்டிப் பார்ப்பது எல்லாம் இதில் சேர்த்தி. சிரித்தால், தும்மினால் உள்ளே போய்விடும்.

இந்த வயதில் ஆபத்து அதிகமாவதற்குக் காரணம் அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதுதான். திட்டு விழும் என்று இரண்டு நாள் வயிற்று வலியோடு படுத்திருப்பார்கள். ஆகவே காந்தத்தைப் பற்றி எச்சரிப்பதைவிட, "முழுங்கிட்டா உடனே சொல்லு, ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுப்பது பயன்படும். செய்து கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும். அக்கா இதில் கொஞ்சம் வீக்.

தூக்கிப் போடும்போது

நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பேத்திக்கோ ஆசிரமத்துக்கோ கொடுத்துவிடாதீர்கள். நம் குழந்தைக்கு ஆகாதது அந்தக் குழந்தைக்கும் ஆகாது. குப்பையில் அப்படியே போட்டால் பிரிக்கிறவர் கண்ணில் பளபளவென்று பட்டு, அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். காந்தங்களை எல்லாம் ஒரு பழைய இரும்பு டப்பாவில் உள்பக்கமாக ஒட்டவிட்டு, மூடியைச் சுற்றி டேப் போட்டு, மேலே "காந்தம், ஆபத்து" என்று எழுதி, மாநகராட்சி ஊழியரிடம் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். புகார் நிலுவையில் இருந்தால் முடியும்வரை அந்த டப்பா பரணில் இருக்கட்டும், அது சாட்சி.

எங்கள் மீன்பிடி விளையாட்டு வந்த கடையைக் கொலு வைத்த வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்களும் புகாருக்குக் கையெழுத்துப் போட்டார்கள். 1915இல் பதிந்த இருபது நாளில் கடைக்காரர் போன் செய்து மொத்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். மறு மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்: அதே குளம், அதே ஆறு மீன், அட்டை மட்டும் பச்சையிலிருந்து நீலம். போனில் படமெடுத்து, பழைய டாக்கெட் எண்ணைக் கீழே போட்டு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.